போஸ்டரா, ஸ்லைடா? முதலில் படமில்லாத ஒரு பக்கம்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கொழும்பில் ஒரு பல்கலைக்கழகம், மூன்றாம் வருடம், ஆறு பேர் கொண்ட குழு. நால்வருக்குத் தாய்மொழி சிங்களம், இருவருக்குத் தமிழ். பேரே வாவியின் நான்கு இடங்களில் நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை அளந்திருக்கிறீர்கள். துறைக் கண்காட்சியில் அதைப் போஸ்டராகவோ ஸ்லைட்களாகவோ முன்வைக்க வேண்டும். உங்கள் குழுவில் ஒருவர் காதுக் கருவி அணிபவர். பார்க்க வருகிறவர்களில் பார்வை மிகவும் குறைந்த சக மாணவர் ஒருவரும் இருக்கிறார். எல்லோருக்கும் போய்ச் சேரும்படி எப்படிச் செய்வது, இரண்டில் எது நல்லது என்று கேட்கிறீர்கள்.

துறை அனுமதித்தால் ஸ்லைட்களைத் தேர்ந்தெடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். ஆனால் பவர்பொயின்ட்டையோ கென்வாவையோ திறப்பதற்கு முன், ஆறு பேரும் ஒன்றாக உட்கார்ந்து படமே இல்லாத ஒரு பக்கத்தை எழுதுங்கள். போஸ்டரும் ஸ்லைடும் அந்தப் பக்கத்தின் பிள்ளைகள்.

இதை எனக்குக் கற்றுத் தந்தது ஒரு மாணவர் கண்காட்சி. சில வருடங்களுக்கு முன் அங்கே நடுவர்களில் ஒருவராகப் போயிருந்தேன். இன்னொரு நடுவர் விழிப்புலனற்ற ஆசிரியர். ஒரு குழுவின் போஸ்டருக்கு முன் நின்றோம். மாணவர் ஆர்வமாகத்தான் விளக்கினார்: "இந்தச் சிவப்புக் கோடு இப்படியே ஏறி, இங்கே வந்து இறங்குகிறது, சேர்." ஆசிரியர் கேட்டார்: "எவ்வளவு ஏறுகிறது?" மாணவர் போஸ்டரைப் பார்த்தார். வரைபின் அச்சில் எண்ணே இல்லை. பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். வரைபைத் தயாரித்தவர் அன்று வரவில்லை. "நன்றாக ஏறுகிறது, சேர்" என்றார் கடைசியில். எல்லோரும் சிரித்தோம், அந்த மாணவரும் சேர்ந்துதான். வீடு திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது: கண் தெரிந்த எனக்கும் அந்த எண் தெரிந்திருக்கவில்லை. கோடு ஏறுவதைப் பார்த்ததும் புரிந்துவிட்டதாக நினைத்துத் தலையாட்டியிருக்கிறேன்.

ஆகவே அந்த ஒரு பக்கம். நானூறு, ஐந்நூறு சொற்கள் போதும். என்ன கண்டுபிடித்தோம், எங்கே, எந்தக் கருவியால், எத்தனை முறை அளந்தோம், முக்கியமான எண்கள் எவை, ஒவ்வொரு வரைபும் என்ன சொல்கிறது, எதை நம்மால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தொலைபேசியில் ஒருவருக்கு வாசித்துக் காட்டினால் அவருக்கு ஆய்வு முழுவதும் புரிய வேண்டும், அதுதான் அளவுகோல். ஆறு பேரும் அந்தப் பக்கத்துக்குச் சம்மதம் சொன்ன பிறகே வடிவமைப்பு. குழுச் செயற்றிட்டங்களில் ஒருவர் அறிமுகத்தையும் ஒருவர் முறையியலையும் தனித்தனியே எழுதிக் கடைசி இரவில் ஒட்டுப்போடுவார்கள். அப்படி ஒட்டியதில் ஆய்வின் முடிவு எங்கே இருக்கிறது என்று அந்தக் குழுவுக்கே தெரியாமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பக்கத்தின் முதல் வாக்கியம் முடிவாக இருக்கட்டும். பாசி நிறைந்த பச்சை நீர்நிலைகளில் பகலில் ஒளித்தொகுப்பால் ஒட்சிசன் கூடும். இரவு முழுவதும் பாசியும் பக்டீரியாவும் சுவாசிப்பதால் குறைந்துகொண்டே போய், விடியலை ஒட்டி மிகக் குறைந்த அளவுக்கு வரும். உங்கள் அளவீடுகளும் அதையே காட்டியிருந்தால், "பேரே வாவியின் நீர்த்தரம் பற்றிய ஓர் ஆய்வு" என்ற தலைப்பைச் சிறிய எழுத்தில் ஓரமாகப் போடுங்கள். பெரிய எழுத்தில் வர வேண்டியது இது: "பேரே வாவி மீன்களுக்கு மூச்சு முட்டும் நேரம் விடியற்காலை." அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த மைக் மொரிசன் 2019 இல் பரப்பிய போஸ்டர் வடிவமும் இதுதான். நடுவில் ஒரே முடிவு, பெரிய எழுத்தில். மற்றதெல்லாம் இரு பக்கமும் ஒதுங்கிவிடும். நம் ஊர் வேட்பாளர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காலி வீதியில் ஓடும் பஸ்ஸில் இருந்தபடியே முகம், சின்னம், விருப்பு இலக்கம் மூன்றையும் படித்துவிடலாம். கொள்கை விளக்கத்தைச் சுவரில் ஒட்டியவர் எவரும் இல்லை.

அடுத்தது, தமிழில் எழுதுகிறவர்கள் விழுகிற ஒரு குழி: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அச்சகங்களிலும் 'கொமியூனிகேஷன்' கடைகளிலும் இன்னும் அதில்தான் தட்டச்சு செய்து தருகிறார்கள். பார்வைக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்று பாமினியில் அடித்த சொல்லைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருள்) "ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி" என்ற ரீதியில்தான் படிக்கும். அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் திறந்தால் கண் தெரிந்தவருக்கும் அதே கதிதான். சிங்களத்தில் எப்.எம். அபயா வகை எழுத்துருக்களிலும் இதே நோய் உண்டு. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோட்டில் தமிழ் 1991 இலும் சிங்களம் 1999 இலும் சேர்ந்துவிட்டன. இனியும் சாக்குச் சொல்ல இடமில்லை. நிர்மலா, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் என்று ஏதாவதொரு யுனிகோட் எழுத்துருவை முதல் நாளே தீர்மானித்து, ஆறு பேரும் அதையே பயன்படுத்துங்கள்.

சோதித்துப் பார்ப்பதும் எளிது. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசம். விழிப்புலனற்ற இரு அவுஸ்திரேலியர்கள் வளர்த்தெடுத்தது. அதனுடன் வரும் குரல் இயந்திரம் தமிழையும் சிங்களத்தையும் வாசிக்கும். உச்சரிப்பு ரோபோத்தனமாக இருந்தாலும் குழுவில் ஒருவரது மடிக்கணினியில் அதை நிறுவி, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கோப்பைக் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஸ்லைடுக்குத் தலைப்பே இல்லை, 'படம் 7' என்று மட்டும் சொல்கிறது, முடிவை முதலில் வாசித்துவிட்டு அறிமுகத்துக்குத் திரும்புகிறது. பவர்பொயின்ட்டில் தலைப்பை, தலைப்புக்கென்றே இருக்கும் பெட்டியில் எழுதுங்கள். வெற்று ஸ்லைடில் எழுத்துப் பெட்டிகளாக அள்ளிப் போட்டால், நீங்கள் போட்ட வரிசையில்தான் அது வாசிக்கும். பொருள்களைப் பட்டியலிடும் தெரிவுப் பலகத்தில் வாசிப்பு வரிசை கீழிருந்து மேலாகப் போகிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். இது தெரியாமல் நான் ஒருமுறை முழுக் கோப்பையும் தலைகீழாக அடுக்கியிருக்கிறேன்.

வரைபுகளுக்கான மாற்று உரைக்கு, அதாவது படத்துக்குப் பதிலாகத் திரைவாசிப்பான் வாசிக்கும் விளக்கத்துக்கு, தனியாக மண்டையை உடைக்க வேண்டாம், அந்த ஒரு பக்கத்தில் ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள். "ஒட்சிசன் வரைபு" என்பது மாற்று உரை ஆகாது. எண்களை உதாரணத்துக்கு நானே போடுகிறேன்: "நான்கு இடங்களிலும் ஒரே போக்கு. பிற்பகல் மூன்று மணிக்கு லீற்றருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம். அதிகாலை ஐந்து மணிக்கு 2. மிகக் கூடிய வீழ்ச்சி மூன்றாவது இடத்தில்." இவ்வளவுதான். ஓரத்தில் அழகுக்காகப் போட்ட நீர்த்துளிப் படத்துக்கு விளக்கம் எழுதிக் கேட்பவரை அலைக்கழிக்க வேண்டாம், அதை அலங்காரம் என்று குறித்துவிடுங்கள்.

கோப்பைப் பீ.டி.எப். ஆக்கும்போது 'அச்சிடு' வழியாகப் போகாமல் 'சேமி' வழியாகப் போங்கள். அச்சு வழியில் போனால் தலைப்பு, வாசிப்பு வரிசை, மாற்று உரை எல்லாம் உதிர்ந்துவிடும். வட்ஸ்அப்பில் போஸ்டரைப் படமாக அனுப்பினால் எழுத்தும் போய்விடும், தெளிவும் போய்விடும். ஆவணமாக அனுப்புங்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் எழுதமாட்டேன், ஏனென்றால் இதற்குக் கணக்கு இருக்கிறது. இணையத்துக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது. பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளையில் கறுப்பு 21:1. வெள்ளையில் தூய சிவப்பு 4:1 தான், சாதாரண அளவு எழுத்துக்கு அது தேறாது. வெள்ளையில் மஞ்சளை எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்று: 1.07. விரிவுரை மண்டபத்துப் பழைய புரொஜெக்டர்கள் இருக்கிற வேறுபாட்டையும் வெளிறடித்துவிடும் என்பதால் 7:1 ஐக் குறிவைப்பது நல்லது. உங்கள் நான்கு இடங்களுக்கும் சிவப்பு, பச்சை, கபிலம், செம்மஞ்சள் என்று நான்கு கோடுகள் போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். சிவப்பு-பச்சை நிறக்குருடு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதத்தினரிடம் உண்டு. ஆசியர்களிடம் அதைவிடக் குறைவு, ஆனாலும் ஒரு மண்டபம் நிறைந்த கூட்டத்தில் ஒருவராவது இருப்பார். ஒரு கோட்டைப் புள்ளிக் கோடாக்குங்கள், இன்னொன்றைத் தடிப்பாக்குங்கள், இடத்தின் பெயரைக் கோட்டின் நுனியிலேயே எழுதுங்கள். பிறகு கறுப்பு-வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். அதில் கோடுகளைப் பிரித்தறிய முடிந்தால் போதும்.

எழுத்தளவுக்கு இரண்டு வீட்டுச் சோதனைகள் சொல்கிறேன். ஏ0 போஸ்டரின் அகலம் 841 மில்லிமீற்றர், ஏ4 தாளின் அகலம் 210. சரியாக நான்கில் ஒன்று. ஆகவே போஸ்டரை ஏ4 தாளில் அச்செடுத்து அரை மீற்றர் தூரத்தில் பிடித்தால், ஏ0 போஸ்டரை இரண்டு மீற்றர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். படிக்க முடியாததை எல்லாம் ஒன்றில் பெரிதாக்குங்கள், அல்லது வெட்டுங்கள். நான் எப்போதும் வெட்டவே சொல்வேன். ஸ்லைடுக்கு: 15.6 அங்குல மடிக்கணினியை மேசையில் வைத்து இரண்டு மீற்றர் பின்னால் போய் நில்லுங்கள். மூன்று மீற்றர் அகலத் திரையைப் பதினேழு மீற்றர் தூரத்தில், அதாவது கடைசி வரிசையில் இருந்து பார்ப்பது போல இருக்கும். எழுத்தின் அளவு 28 புள்ளிக்கு (பொயின்ட்) கீழே போகாவிட்டால் பெரும்பாலும் தப்பிவிடலாம். தமிழுக்கு மட்டும் இரண்டு எச்சரிக்கைகள். மெல்லிய எழுத்துருக்களில் மெய்யெழுத்தின் புள்ளிதான் முதலில் காணாமல் போகும், 'மண்' 'மண' ஆகிவிடும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் உகரக் காலும் கீழ்வரியின் இகர வளைவும் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்கும் சிங்களத்துக்கும் போதாது.

மொழி விடயத்தில் கொழும்புக் குழுக்கள் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்யும். ஒன்று, முழுக்க ஆங்கிலம். மட்டக்களப்பில் இருந்து பிள்ளையின் கண்காட்சிக்காக இரவுப் பஸ் ஏறி வந்த தாய், போஸ்டருக்கு முன் நின்று படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போவார். இல்லையென்றால் எல்லாவற்றையும் மும்மொழியிலும் திணித்து, எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்தைச் சிறிதாக்கிவிடுவார்கள். பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் பாருங்கள். இலக்கம் பெரிதாக ஒருமுறை, ஊர்ப்பெயர் மும்மொழியில். அதே போல முடிவு வாக்கியத்தையும் வரைபின் தலைப்பையும் மூன்று மொழிகளிலும் போடுங்கள். முறையியல் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் குடிமுழுகிவிடாது. முழு ஒரு பக்கத்தையும் மூன்று மொழிகளிலும் கைப்பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் மட்டும் விடாதீர்கள். அது 'ஆக்ஸிஜன்' என்று எழுதும். நம் பாடநூலில் படித்தவர்களுக்கு அது ஒட்சிசன். குழுவிலேயே இரு மொழிக்காரரும் இருக்கும்போது ஆளுக்கொரு மணித்தியாலம் செலவிட்டால் முடிகிற வேலை.

இனி ஏன் ஸ்லைட் என்பதைச் சொல்கிறேன். கண்காட்சி மண்டபத்தில் இருபது குழுக்கள் ஒரே நேரத்தில் பேசும், மேலே மின்விசிறிகள் சுழலும். காதுக் கருவி அந்த இரைச்சலையும் சேர்த்தே பெருக்கிக் காட்டும். உங்கள் தோழர் அங்கே நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்வது நாள் முழுக்கத் தண்டனை. ஸ்லைட் அளிக்கையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவார், ஒலிவாங்கி இருக்கும். கோப்பை முதல் நாளே அனுப்பிவிட்டால், பார்வை குறைந்த மாணவர் தன் கணினியில் வேண்டிய அளவு பெரிதாக்கி வைத்துக்கொண்டு உங்களுடன் சேர்ந்தே வருவார். போஸ்டரில் அவர் காகிதத்தில் மூக்கை வைத்துத்தான் படிக்க வேண்டும். போஸ்டருக்கும் ஒரு நன்மை உண்டு, மறைக்கமாட்டேன். அதைப் பார்ப்பவர் தனக்கு வேண்டிய நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். ஸ்லைட் காத்திருக்காது.

துறை 'போஸ்டர்தான்' என்று நின்றால், பளபளக்கும் லமினேற் வேண்டாம், குழல் விளக்கின் ஒளி அதில் பட்டு எழுத்தை அழித்துவிடும். மங்கலான மேற்பரப்புள்ள தாளைக் கேளுங்கள். முக்கியமானவற்றை நின்றுகொண்டிருப்பவரின் கண் மட்டத்துக்கு மேலே ஏற்றாதீர்கள். சக்கர நாற்காலியில் வருபவர் அண்ணாந்து பார்க்க வேண்டிவரும். அந்த நாற்காலி திரும்புவதற்கு ஒன்றரை மீற்றர் வெற்றிடமும் வேண்டும், ஆகவே போஸ்டருக்கு முன்னால் மேசை போட்டு வழியை அடைக்காதீர்கள். மேசையைப் பக்கவாட்டில் போட்டு, அதில் அந்த ஒரு பக்கத்தைப் 18 புள்ளி எழுத்தில் அச்சிட்டு வையுங்கள். கியூ.ஆர். குறி போடலாம். ஆனால் அது திறப்பது போஸ்டரின் படத்தையே என்றால் போட்டுப் பயனில்லை, அந்த ஒரு பக்கத்தைத் திறக்க வேண்டும்.

மாற்றம் கேட்டுத் துறைக்குப் போகும்போது தயங்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது, அதன் 24 ஆவது உறுப்புரை கல்வியைப் பற்றியதுதான். ஆனால் சட்டத்தைக் காட்டி ஆரம்பிக்காதீர்கள். மூன்று வாரங்களுக்கு முன்பே, "எங்களுக்கு ஒலிவாங்கியுடன் ஒரு மண்டபத்தில் பதினைந்து நிமிடம் வேண்டும்" என்று எழுத்தில் கேளுங்கள். குறிப்பான வேண்டுகோளை மறுப்பது கடினம். சைகைமொழி உரைபெயர்ப்பாளர் தேவைப்படும் என்றால் அதையும் அப்போதே கேட்க வேண்டும். அந்த ஒரு பக்கம் அவர் கைக்கு முன்கூட்டியே போக வேண்டும். 'ஒளித்தொகுப்பு' என்ற சொல்லை அவர் மேடையில்தான் முதன்முதலாகச் சந்திக்கக்கூடாது.

அன்றைய தினம் விளக்குகளை முழுவதும் அணைக்க விடாதீர்கள். காது கேளாதவர் பலர் உதடுகளைப் பார்த்தும் பேச்சைப் பிடிக்கிறார்கள். திரையைப் பார்த்துத் திரும்பி நின்று பேசுவதும் அதே குற்றம். "எனக்குக் குரல் பெரிது" என்று ஒலிவாங்கியைத் தள்ளிவைக்கும் வீரர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார், அவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். சபையில் இருந்து வரும் கேள்வியை ஒலிவாங்கியில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். "இதோ இங்கே", "இந்தக் கோடு", "மேலே இருப்பது" ஆகிய சொற்களுக்கு அன்று விடுமுறை. அவற்றுக்குப் பதில் இடத்தின் பெயர், மணி, எண். ஆறு பேரும் பேசியே ஆக வேண்டும் என்று புள்ளித் திட்டம் கட்டாயப்படுத்தினால், மேடையில் திக்குகிறவரோ கூட்டத்தைக் கண்டு நடுங்குகிறவரோ தன் பகுதியை முன்பே ஒலிப்பதிவு செய்து தரலாமா என்று விரிவுரையாளரிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டபோது பெரும்பாலும் சம்மதித்திருக்கிறார்கள்.

ஒத்திகையை இப்படிச் செய்யுங்கள். உங்கள் குழுவில் இல்லாத ஒருவரை அழைத்து, திரைக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். அவர் தாய்மொழி எதுவாகவும் இருக்கட்டும். நீங்கள் வழக்கம்போலப் பேசுங்கள். அவர் விளங்கியதைத் தன் மொழியில் ஒரு தாளில் எழுதட்டும். பிறகு அந்தத் தாளையும் உங்கள் ஒரு பக்கத்தையும் அருகருகே வையுங்கள். அவர் தாளில் மூன்றாவது இடத்தின் பெயர் இல்லையா? அப்படியென்றால் அதைச் சொல்ல வேண்டியவர் விரலால் மட்டும் சுட்டிக் காட்டியிருக்கிறார். அந்த ஸ்லைடில் இருந்து மறுபடியும் தொடங்குங்கள்.